நிர்ப்பந்தமும் ஈடும்

1

பாலவாக்கம் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நாலைந்து பேர் கூடிப் பேசுவது வழக்கம். கவிதையில் ஆரம்பிக்கிற பேச்சு கவிதையில் முடிவதில்லை. சென்ற மாதம் பேச்சு இலங்கைக்குப் போயிற்று. 1971இலும் பிறகு 1987இலிருந்து 1989 வரையிலும் ஆயுதம் எடுத்து, இரண்டு முறையும் நசுக்கப்பட்ட ஒரு கட்சியின் தலைவர், அநுர குமார திஸாநாயக்க, 2024 செப்டம்பரில் தேர்தலில் வென்று ஜனாதிபதியானார். நவம்பரில் அவரது கூட்டணி 225 இடங்களில் 159ஐப் பிடித்தது. யாழ்ப்பாணத்திலேயே ஆறில் மூன்று. வந்தவர் என்ன செய்தார்? முந்தைய அரசு 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தைத் தொடர்ந்தார். வட்டிச் செலவு நீங்கலாக, தேசிய உற்பத்தியில் 2.3 சதவீதம் உபரி காட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் ஏற்றுக்கொண்டார்.

நண்பர் ஒருவர் இதைத் துரோகம் என்றார். இன்னொரு நண்பர் மறுத்தார். கஜானாவில் டாலர் இல்லாத அரசுக்கு இடது, வலது என்று எதுவும் கிடையாது என்பது அவர் கட்சி. செய்ய முடியாததைச் செய்யவில்லை என்று ஒருவனைக் குற்றம் சொல்ல முடியாது. கடமை என்று பேச வேண்டுமானால் முதலில் இயல வேண்டும். இயலாத இடத்தில் தார்மீகக் கேள்வியே எழுவதில்லை. நண்பர் தத்துவம் படித்தவர். வாதம் பழையது, பலமானது.

நான் அன்று பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டு பேர் வாதத்திலும் எனக்கு ஒட்டாத இடம் எது என்று புலப்பட்டது. இருவருமே நாடு என்பதை ஒரு ஆள் மாதிரி பேசினார்கள். இலங்கை கடன் வாங்கிற்று, இலங்கை பணிந்தது, இலங்கையால் முடியாது. ஒரு ஆளானால் அவனுக்கு முடியும் அல்லது முடியாது. நாடு ஒரு ஆள் இல்லையே. இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறது.

2

நான் ஒரு வங்கியில் எழுத்தன். மூன்று வருஷம் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். அங்கே நடப்பது எளிமையானது. மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் உரசுவார். எடை போடுவார். கல், அரக்கு எடையைக் கழிப்பார். மதிப்பில் ஒரு பங்கைப் பாதுகாப்புக்காக விட்டு, மிச்சத்துக்குக் கடன். தவணை முடிகையில் முதலைக் கட்டி மீட்பவர்கள் குறைவு. வட்டியைக் கட்டி மறுபடி வைப்பவர்களே அதிகம். 2023இல் இலங்கை நாணய நிதியத்திடம் போனது பதினேழாவது தடவை என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. எங்கள் பேரேட்டில் அப்படிப்பட்ட பெயர்கள் உண்டு.

ஆனால் நகைக்கடன் விண்ணப்பத்தில் ஒரு வரி இருக்கிறது. நகை தன்னுடையதுதான் என்று கடன் வாங்குபவர் உறுதி சொல்ல வேண்டும். பல நாட்களில் கையெழுத்துப் போடுபவர் கணவர். நகை மனைவியுடையது. அவள் அவருக்குப் பின்னால் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு நின்றுகொண்டிருப்பாள். நான் கேட்பேன், "நகை உங்களோடதுதானே சார்?" அவர் ஆமாம் என்பார். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். நான் அந்த இடத்தைப் பூர்த்தி செய்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். அந்தக் குடும்பத்தின் நிர்ப்பந்தம் உண்மையானது. பள்ளிக்கூடக் கட்டணமோ ஆஸ்பத்திரிச் செலவோ பொய்யில்லை. ஆனால் நிர்ப்பந்தம் உண்மை என்பதால் யாருடைய நகை என்ற கேள்வி அழிந்துவிடுவதில்லை.

இரண்டு வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் யாழ்ப்பாணத்து அம்மா. எழுபது வயது. திருவான்மியூர்ப் பக்கம் மகனோடு இருக்கிறார். ஒரு சங்கிலியைத்தான் வைப்பதும் மீட்பதுமாக இருப்பார். ஒருநாள் கூட்டமில்லாத நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். "சிறிமா அரசாங்கத்தைச் சனம் இப்பவும் திட்டுது தம்பி. எங்கட ஐயா மிளகாய் வித்த காசிலைதான் கல்வீடு கட்டினவர். இந்தச் சங்கிலியும் மிளகாய்தான்" என்றார்.

மற்றவர் நவம்பர் மாதந்தோறும் உயிர்ச் சான்று கொடுக்க வருகிற பெரியவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியில் தேயிலை பறித்து ஓய்வு பெற்று, இப்போது பாலவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அதே அரசாங்கத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். "மாவு நின்னு போச்சு தம்பி. நாட்டுல மத்தவங்க மரவள்ளி நட்டாங்க. லயத்துல இருக்கறவனுக்கு ஏது நெலம்? தங்கச்சி போனா. ரெண்டு மாசத்துல ஆத்தாவும் போச்சு." அவ்வளவுதான் சொன்னார். கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவர்.

ஒரே அரசாங்கம், ஒரே ஏழு வருஷம். ஒருவருக்கு அது சங்கிலி, மற்றவருக்கு இரண்டு சாவு.

3

இடதுசாரிகள் பங்கு கொண்ட ஒரு அரசு, வெளியுலகின் பொருளாதார நெருக்குதலுக்கு நடுவே வளர்ச்சிக்கு முயன்றதற்கு, தமிழர்கள் நேரடியாக அனுபவித்த உதாரணம் 1970 முதல் 1977 வரை நடந்த ஐக்கிய முன்னணி அரசுதான். நாம் சிலியைப் பற்றிப் பேசுகிறோம், பிரான்ஸைப் பற்றிப் பேசுகிறோம். பாக் நீரிணைக்கு அப்பால் நடந்ததைப் பற்றி நம் பத்திரிகைகளில் குறைவாகவே எழுதியிருக்கிறோம்.

பின்னணி முக்கியம். தேயிலை, ரப்பர், தேங்காய் மூன்றையும் விற்று அரிசியும் மாவும் சர்க்கரையும் வாங்கிச் சாப்பிடும்படி அந்தத் தீவைக் காலனியம் அமைத்துவிட்டுப் போயிற்று. அதற்குள்ளேயே இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் பங்கீட்டு அரிசியும் ஏற்பட்டன. 1953இல் மானியத்தை வெட்டி, ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால் நடந்தது. மந்திரி சபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது. பிரதமர் டட்லி சேனநாயக்க சில மாதங்களில் பதவி விலகினார். அதற்கு முந்தைய வருஷம்தான் அதே வலதுசாரி அரசு, அமெரிக்காவின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல், ரப்பரைக் கொடுத்து அரிசி வாங்கச் சீனாவுடன் ஒப்பந்தம் செய்திருந்தது. பெட்ரோல் கம்பெனிகளை ஸ்ரீமாவோ அரசு எடுத்துக்கொண்டபோது, நஷ்ட ஈடு தரவில்லை என்று 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்திற்று. ஆக, வெளி நிர்ப்பந்தம் கற்பனையில்லை. அதற்கு நடுவே நெளிந்து போக இடம் இருந்ததும் கற்பனையில்லை.

1970 மே மாதம் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க பெரும் வெற்றி பெற்றார். நிதி மந்திரி என். எம். பெரேரா. லண்டனில் லாஸ்கியிடம் படித்தவர், 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், ட்ராட்ஸ்கியவாதி. குறைக்கப்பட்ட பங்கீட்டு அரிசியைத் திரும்பத் தருவோம் என்பது தேர்தல் வாக்குறுதி. வந்த வருஷமே ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவையாக்கினார். கறுப்புப் பணம் வெளியே வரும் என்ற நம்பிக்கை. 2016 நவம்பரில் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் அந்த நம்பிக்கையைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 1971 ஏப்ரலில் வேலையில்லாத படித்த சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி. ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதே வருஷம் நாணய நிதியத்திடம் கடன் ஒப்பந்தம். 1974இல் மீண்டும் ஒன்று. ட்ராட்ஸ்கியவாதி வெட்கப்பட்டாரா என்பதை விட, அவர் கையெழுத்திட்ட காலத்தில் அந்நியச் செலாவணிக் கணக்கு எப்படி இருந்தது என்று பார்ப்பது நியாயம்.

இறக்குமதி இறுக்கப்பட்டது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு வெளியிலிருந்து வருவது நின்றது அல்லது மிகவும் குறைந்தது. யாழ்ப்பாணத்துச் செம்மண் பூமியில், கிணற்றையும் மண்ணெண்ணெய்ப் பம்பையும் வைத்து, நுணுக்கமாக உழைக்கத் தெரிந்த விவசாயி இருந்தான். விலை ஏறிற்று. அவன் வாழ்ந்தான். கல்வீடும் சங்கிலியும் வந்தன. நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை. தடுப்புச் சுவர் ஒன்று எழுப்பினால் உள்ளே உற்பத்தி பெருகும் என்ற வாதத்துக்குக் கண்ணெதிரே சாட்சி. ஆனால் அந்தப் பம்பும் அதற்கு எண்ணெயும் உரமும் வெளியிலிருந்து வந்தவை. 1973 இறுதியில் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. அதை ஒட்டிய ஆண்டுகளில் உலகச் சந்தையில் அரிசி, கோதுமை விலையும் பறந்தது. தேயிலை விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. பங்கீடு வெட்டப்பட்டது. பாணுக்கு வரிசை. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை.

வெட்டு எங்கே விழுந்தது? கிராமத்தில் இருந்தவனுக்குக் கொல்லையில் பலாவோ மரவள்ளியோ இருந்தது. லயத்துக் காம்பராவில் இருந்தவனுக்குக் கூலியும் பங்கீடும் தவிர வேறொன்றும் இல்லை. மலையகத் தோட்டங்களில் 1974இல் இறப்பு விகிதம் நாட்டின் மற்ற பகுதிகளைக் காட்டிலும் வெகுவாக உயர்ந்தது. தேசத்துக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்த கைகள்தான் மாவில்லாமல் கீரையை அவித்துத் தின்றன.

இது ஏன் அந்த அரசை உலுக்கவில்லை? 1953இல் 45 சதம் ஏறியதற்கு ஒரு பிரதமரே வீட்டுக்குப் போனாரே? பதில் 1948இல் இருக்கிறது. அந்த வருஷத்துக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த வருஷத்துத் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழர்களின் வாக்கைப் பறித்தன. வாக்கில்லாதவன் பட்டினிக்கு அரசியல் விலை கிடையாது. மேலும் 1964 ஒப்பந்தம் அவர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வேண்டியவர்கள் என்று எண்ணிக்கையாக்கிவிட்டது. அனுப்பப்பட வேண்டியவனுக்கு யார் பொறுப்பு? 1948 சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர்கள் பெரேராவும் அவரது தோழர்களும். எதிர்த்தவரே இருபத்திரண்டு வருஷத்துக்குப் பின் நிதி மந்திரியானபோது, அந்தச் சட்டம் உருவாக்கி வைத்திருந்த ஊமை ஜனத்தின் மேல்தான் கணக்கு நேராயிற்று. அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. பேசாமல் பின்னால் நிற்பவளின் கழுத்தில்தான் நகை இருந்தது.

யாழ்ப்பாணத்து அம்மா இன்னொன்றும் சொன்னார். "அண்ணன் நல்லாப் படிச்சவர். அவருக்கு மெடிசின் இல்லையெண்டு சொன்னதும் அதே அரசாங்கம்தான்." பல்கலைக்கழகப் புகுமுகத் தரப்படுத்தல், 1972 அரசியல் சட்டத்தில் பௌத்தத்துக்கு முதன்மை இடம். சட்டத்தை வரைந்தவர் இன்னொரு சமசமாஜி, கொல்வின் ஆர். டி சில்வா. அப்பனுக்கு மிளகாயில் கொடுத்ததை மகனிடம் படிப்பில் பிடுங்கிக்கொண்டது அரசு. இதை எந்த நாணய நிதியமும் கேட்கவில்லை.

நில உச்சவரம்பு 1972இல் ஐம்பது ஏக்கர் என்று வந்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. முற்போக்கான காரியம் என்றுதான் எழுதியிருப்போம். எடுக்கப்பட்ட தோட்டங்கள் பலவற்றிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் விரட்டப்பட்டார்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்து நிலத்தைப் பங்கிடுவதை எதிர்த்தவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார். 1975இலேயே சமசமாஜக் கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது. 1977 ஜூலைத் தேர்தலில் 168 இடங்களில் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் கட்சிக்கு 140. பழைய இடதுசாரிக் கட்சிகளுக்கு ஒன்றுகூட இல்லை. கதவு திறந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்கின. செம்மண் பூமியில் அந்தப் பொற்காலம் முடிந்தது.

4

நம் தொழிலைத் தொட்ட ஒரு விஷயமும் அந்தக் காலத்தில் நடந்தது. மிளகாயோடு சேர்த்துத் தமிழகத்து ஜனரஞ்சகப் பத்திரிகைகளின் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. வாராவாரம் இங்கிருந்து மூட்டை மூட்டையாகப் போனது நின்றது. அதுவரை தாங்கள் எழுதியதைத் தங்கள் ஊரிலேயே விற்க முடியாமல் இருந்த ஈழத்து எழுத்தாளர்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. 1966 முதல் டொமினிக் ஜீவா நடத்திவந்த மல்லிகை போன்ற பத்திரிகைகளுக்கு வாசகர் கூடினர். வீரகேசரி நிறுவனம் வரிசையாக உள்ளூர் நாவல்களைப் போட்டது. யாழ்ப்பாணத்து, மலையகத்து, மட்டக்களப்பு வாழ்க்கை அச்சில் ஏறிற்று.

வணிக எழுத்துக்கு எதிராகச் சிறு பத்திரிகை நடத்துகிறவர்களாகிய நமக்கு இது இனிக்கிற செய்தி. நமக்கும் அப்படி ஒரு தடுப்புச் சுவர் இருந்தால் என்று மனசு ஒரு கணம் ஆசைப்படும். ஆசைப்படும்போதே இரண்டு விஷயங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாவது, சுவருக்குப் பின்னால் நல்ல நாவல்களோடு இங்கிருந்து போன மசாலாவின் உள்ளூர்ப் பிரதியும் விளைந்தது. சுவர் இடம்தான் தரும், தரத்தைத் தராது. இரண்டாவது, சுவருக்குப் பின்னால் வளர்ந்த பலவும் சுவர் இடிந்தபோது தடுமாறின. ஏனென்றால் அவகாசம் கிடைத்த காலத்தில் அவகாசம் முடியும் நாளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. வெங்காயத்துக்கும் இதே கதை. விளைச்சல் பெருகியது, அதைப் பதப்படுத்தவோ, சேமிக்கவோ, வேறொன்றாக ஆக்கி வெளியே விற்கவோ தொழில் எழவில்லை.

இந்தப் புள்ளியில் எஸ். பி. டி. டி சில்வா என்ற சிங்களப் பொருளியலாளரின் 1982 புத்தகம் எனக்குக் கண்ணைத் திறந்தது. அந்தப் புத்தகத்தின் வாதத்தை என் பாஷையில் சொல்கிறேன். இத்தகைய நாடுகள் வளராமல் போவதற்கு வெளியிலிருந்து வரும் நெருக்குதல் மட்டும் காரணமில்லை. உள்ளே ஆதிக்கம் செலுத்துவது உற்பத்தியில் பணம் போடுகிற முதலாளியைவிட வாங்கி விற்றுக் கமிஷன் பார்க்கிற வியாபார மூலதனம். அதற்குத் தொழிற்சாலையின் நீண்ட காத்திருப்பு பிடிக்காது. கதவு திறந்திருந்தால் சரக்கை இறக்கிச் சம்பாதிக்கும். கதவு மூடியிருந்தால் லைசென்ஸைப் பிடித்துச் சம்பாதிக்கும். அதாவது 1970க்கும் 1977க்கும் நடுவே கதவுதான் மாறியது, வாசலில் உட்கார்ந்திருந்தவன் மாறவில்லை. வெளி நிர்ப்பந்தத்தைப் பற்றி உரக்கப் பேசுகிற இடதுசாரி அரசுகள் இந்த உள் ஆளைப் பற்றி மெதுவாகத்தான் பேசுகின்றன.

5

இப்போது நண்பரின் வாதத்துக்குத் திரும்புகிறேன். இயலாத இடத்தில் கடமை இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இயலாது' என்பது ஒரே கட்டியாக இருப்பதில்லை. எவ்வளவு டாலர் இருக்கிறது என்பது ஒரு உண்மை. அதை எந்தக் கொள்கையும் மாற்றிவிடாது, குறைந்தபட்சம் இந்த வருஷத்துக்குள். இருப்பதில் யாருக்கு வெட்டு என்பது அதே மாதிரியான உண்மையில்லை. அது ஒரு முடிவு. யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து எடுப்பது. அதையும் முதலாவதோடு சேர்த்து "வேறு வழியில்லை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவதைத்தான் சார்த்தர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது என்பார். எடுத்த முடிவை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுவது.

துரோகம் என்ற நண்பரும் இதே தவறை மறுபக்கத்திலிருந்து செய்கிறார். அவருக்கு நிர்ப்பந்தம் என்பதே ஏகாதிபத்தியம் காட்டுகிற பூச்சாண்டி. தைரியம் இருந்தால் தாண்டிவிடலாம். பிரான்ஸ் மாதிரி பணக்கார நாட்டிலேயே 1981இல் வந்த மித்தரானின் அரசு, வங்கிகளை எடுத்து, கூலியை உயர்த்தி, பிறகு பிராங்கின் மதிப்பை மூன்று முறை குறைத்து, 1983 மார்ச்சில் சிக்கனத்துக்குத் திரும்பியது. தைரியம் குறைவால் நேர்ந்தது என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. உள்ளே ஏறிய கூலியில் வாங்கியது வெளிநாட்டுச் சரக்காக இருந்தது. கணக்கைப் பார்க்க மறுக்கிற புரட்சி, கணக்கை ஏழையின் தலையில் இறக்குவதில்தான் முடிகிறது. ஏனென்றால் பணக்காரன் அதற்குள் பணத்தை வெளியே அனுப்பிவிட்டிருப்பான்.

நம் நாட்டில் இடதுசாரிகள் ஆண்டவை மாநிலங்கள். அவர்களுக்கு ரூபாய் அச்சடிக்கவும் உரிமையில்லை, சுங்கத்துறையும் இல்லை. மத்திய அரசுக்குக் கடன் பாக்கி இருக்கும்வரை அதன் சம்மதமில்லாமல் புதுக் கடன் வாங்கவும் முடியாது. மேற்கு வங்கம் 1994இல் புதிய தொழில் கொள்கை அறிவித்து மூலதனத்தை அழைத்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து சிங்கூரில் கார் தொழிற்சாலைக்காகச் சுமார் ஆயிரம் ஏக்கர் எடுத்தார்கள். 2007 மார்ச் 14 அன்று நந்திகிராமில் பதினான்கு பேர் போலீஸ் நடவடிக்கையில் இறந்தார்கள். வளர்ச்சி வேண்டும் என்ற கணிப்பில் தவறில்லை. நிலத்தை ஈடு வைத்தவர்களிடம் கேட்கவில்லை. அந்த நிலத்தைக் குத்தகைதாரர்களுக்கு உறுதி செய்து கொடுத்த அதே ஆட்சி அது. 2011இல் முப்பத்துநாலு வருஷ ஆட்சி போயிற்று. கேரளம் வேறொரு வழி பார்த்தது. சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் பட்ஜெட்டுக்கு வெளியே ஒரு நிதி நிறுவனம் அமைத்து, 2019இல் லண்டன் சந்தையில் 2,150 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்றது. வட்டி 9.723 சதவீதம். முதலமைச்சர் பினராயி விஜயன் அங்கே போய்ச் சந்தை திறக்கும் மணியை அடித்தார். சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரூபாயில் விற்றதால், ரூபாய் மதிப்பு விழுந்தால் நஷ்டம் வாங்கியவனுக்கு. அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் அவ்வளவு வட்டி. பிற்பாடு அந்தக் கடனையும் மாநிலத்தின் கடன் வரம்புக்குள் மத்திய அரசு சேர்த்தது. கேரளம் உச்ச நீதிமன்றம் போயிற்று. நெளிந்து போவதற்கான இடம் எவ்வளவு குறுகல் என்பதற்கு இது ஒரு அளவுகோல்.

6

ஜோன் ராபின்சன் என்ற கேம்பிரிட்ஜ் பொருளியலாளர், அவரும் இடதுசாரிதான், 1950களின் கடைசியில் இலங்கைக்கு வந்தபோது, மரம் வளரும் முன்பே பழத்தைச் சாப்பிடப் பார்க்கிறார்கள் என்ற பொருள்பட ஒன்று சொன்னார். மானியம், இலவசம் என்று பகிர்ந்துகொண்டே இருந்தால் முதலீடு எங்கிருந்து வரும்? 1970 முதல் 1977 வரை வளர்ச்சி ஆண்டுக்கு மூன்று சதவீதத்தை ஒட்டியே இருந்தது என்பது அவர் பக்கத்துக்குச் சாட்சி. அதே நாட்டில் எழுத்தறிவும் ஆயுளும், பல மடங்கு வருமானம் உள்ள நாடுகளோடு ஒப்பிடும்படி இருந்தன என்பது, அமர்த்தியா சென் போன்றவர்கள் பிற்பாடு எடுத்துக்காட்டியபடி, மறுபக்கத்துக்குச் சாட்சி.

நான் சத்துணவு சாப்பிட்டுப் படித்தவன். 1982இல் எம்.ஜி.ஆர். அதைத் தொடங்கியபோது, இவ்வளவு பணத்தைச் சோற்றில் கரைப்பதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் பிற்பாடு வந்த தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கியவர்கள். குழந்தை விஷயத்தில் பழமும் மரமும் வேறு வேறில்லை என்பது என் துணிபு. ஆனால் இந்தத் துணிபை எல்லா மானியத்துக்கும் நீட்ட நான் தயாராக இல்லை. வசதியுள்ளவனின் பெட்ரோலுக்குக் கொடுக்கிற மானியம் பழம் மட்டும்தான். அதற்கு விதை கிடையாது.

ஆகவே, எப்படி வளர்வது என்ற கேள்விக்கு என்னிடம் திட்டம் இல்லை. நான் எழுத்தன், திட்டக் கமிஷன் இல்லை. ஆனால் அந்த ஏழு வருஷத்திலிருந்து சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன. கிடைக்கிற அற்ப அந்நியச் செலாவணி முதலில் பம்புக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் போக வேண்டும். தடுப்புச் சுவர் எழுப்பினால், அது என்றைக்கு இறங்கும் என்று எழுப்பும் நாளிலேயே சொல்ல வேண்டும். சுவருக்குள் லாபம் பார்க்கிறவனிடம் அந்த லாபம் உற்பத்திக்குத் திரும்புகிறதா என்று கணக்குக் கேட்க வேண்டும். தென் கொரியா பாதுகாப்புக் கொடுத்த முதலாளியிடம் ஏற்றுமதிக் கணக்குக் கேட்டது. அங்கே ராணுவ ஆட்சி இருந்தது, அமெரிக்கப் பணமும் இருந்தது என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கேட்டார்கள் என்பதை எடுத்துக்கொள்ளலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டு விழுகிற ஒவ்வொருவருக்கும் வாய் இருக்க வேண்டும். வாக்கு, சங்கம், பத்திரிகை எதுவாகவும் இருக்கலாம். தார்மீகத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வாயில்லாத ஜனம் பக்கத்தில் இருக்கும்வரை, எந்த அரசும் வாசலில் உட்கார்ந்திருக்கிற வியாபாரியோடு மோதும் சிரமத்தை எடுத்துக்கொள்ளாது. சுலபமான ஈடு கையில் இருக்கும்போது கஷ்டமானதை யார் தேடுவார்கள்? 1974இல் ஹட்டனில் மாவை வெட்ட முடிந்ததால், கொழும்பில் வேறெதையோ வெட்ட வேண்டியிருக்கவில்லை.

7

2022 ஏப்ரலில் இலங்கை வெளிக்கடனைத் திருப்ப முடியாது என்று அறிவித்தது. பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வரிசை. வரிசையிலேயே சிலர் செத்தார்கள். 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடனைத் திருத்தியமைத்தார்கள். வங்கிகள் வைத்திருந்த பத்திரங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கீழ்மட்டத் தொழிலாளியின் சேமிப்பும் சேர்ந்திருக்கும் ஊழியர் சேமலாப நிதியின் பத்திரங்களுக்கு வட்டியைக் குறைத்தார்கள். வங்கி விழுந்தால் எல்லோரும் விழுவோம் என்பது காரணம். வங்கிக்காரனான எனக்கு அந்தக் காரணம் புரிகிறது. அது நிர்ப்பந்தம் என்பதும் புரிகிறது. ஈடு யாருடையது என்பதும் தெரிகிறது. 2024இல் வந்த அரசு வெளிநாட்டுப் பத்திரக்காரர்களோடு முந்தைய ஆட்சி பேசி வைத்திருந்த ஏற்பாட்டை அந்த டிசம்பரிலேயே நிறைவேற்றியது. சேமலாப நிதியின் கணக்கை 2025 வரவு செலவுத் திட்டத்திலும் திறக்கவில்லை.

அதே அரசு 2025 நவம்பரில் வைத்த வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளியின் நாள் கூலியை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆக்குவதாகவும், வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளுக்கும் அரசே மேலும் 200 ரூபாய் தருவதாகவும் சொன்னது. நாணய நிதியத்தின் உபரி நிபந்தனை அப்படியே இருக்கும்போதே இதற்கு இடம் கிடைத்தது. பெரிய தொகையில்லை. இடது என்று கொண்டாடவும் அது போதாது. ஆனால் இடம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது என்பதற்கும், அந்த இடத்தில் யாரை வைப்பது என்பது ஒரு முடிவு என்பதற்கும் அது போதும். மலையகத் தமிழருக்கு இன்று வாக்கு இருக்கிறது. அது தற்செயலான ஒற்றுமை என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு நண்பர்களைப் பார்க்கும்போது இருவரிடமும் சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. துரோகம் என்பவரிடம், கணக்கை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள் என்பேன். முடியாது என்பவரிடம், எது முடியாது, யாருக்கு என்று பிரித்துச் சொல்லுங்கள் என்பேன். பெரியவரிடம் தைரியமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. போன நவம்பரில் படிவத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோது, இலங்கையில் தோட்டக் கூலி ஏறியதை அவரிடம் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அங்க மாவு என்ன வெல தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.